மூடப்போற பழைய போட்டோ ஸ்டுடியோவில் எதை முதல்ல எடுக்கணும்? – அனுபவப் பகிர்வு

அப்பா, மகன், பேரன்னு மூணு தலைமுறை நடத்தின ஸ்டுடியோக்கள் நம்ம ஊர்ப்பக்கம் ஒவ்வொண்ணா மூடிட்டு வருது. உள்ளே போனதும் எல்லார் கையும் கண்ணாடி நெகடிவ் பெட்டிக்குத்தான் போகும். ஆனா முதல்ல தேட வேண்டியது ஆர்டர் புத்தகம். நெகடிவ் நம்பர், தேதி, பேர், சைஸ், எத்தனை காப்பி, அட்வான்ஸ் எவ்வளவு – பெரும்பாலும் இவ்வளவும் அதில் இருக்கும். அதே நம்பரைப் பிளேட் (கண்ணாடி நெகடிவ்) மூலையில் ஊசியால கீறியோ மையால எழுதியோ வச்சிருப்பாங்க. சில இடத்தில் வருஷா வருஷம் நம்பர் 1-லிருந்து ஆரம்பிக்கும். அப்போ ஒரே நம்பரில் பல பிளேட் கிடைக்கும். எந்த வருஷம்னு சொல்றது கவரும் பெட்டியும்தான். அதனால எதையும் நகர்த்துறதுக்கு முன்னாடி அலமாரியை அப்படியே தட்டுத் தட்டா போட்டோ எடுத்துடுங்க. பழைய கவர் செல்லரிச்சிருந்தாலும் தூக்கிப் போடாதீங்க.

—

ஆர்டர் புத்தகத் தேதியை அப்படியே நம்பிடவும் கூடாது. பழைய படத்தைப் பலகையில் குத்தி வச்சுத் திரும்ப எடுத்த காப்பி நெகடிவ் நிறைய இருக்கும். நாலு மூலையிலும் குண்டூசித் தலையோ, படத்தைச் சுத்தி மரப்பலகையோ தெரிஞ்சா அது காப்பி. புத்தகத்தில் 1935-ன்னு இருந்தாலும் அசல் படம் இருபது வருஷம் முந்தினதா இருக்கலாம். தனித்தனியா எடுத்த புருஷன் பெண்டாட்டி படத்தை ஒண்ணா ஒட்டிக் காப்பி எடுத்ததும் உண்டு. தோள்பட்டை சேருற இடத்தில் லென்ஸ் வச்சுப் பாருங்க, வெட்டின கோடு தெரியும்.

—

சுத்தம் பண்றதுலதான் நிறைய நெகடிவ் பாழாகுது. பிளேட்டைச் சாய்ச்சுப் பிடிங்க: மங்கலான பக்கம் எமல்ஷன், அதாவது படம் பதிஞ்சிருக்கிற படலம்; பளபளப்பான பக்கம் வெறும் கண்ணாடி. 1880-களுக்குப் பிறகு பரவின ஜெலட்டின் பிளேட்தான் நமக்கு அதிகம் கிடைக்கிறது. ஈரம் பட்டா ஜெலட்டின் ஊறிப் பெயர்ந்துடும். எமல்ஷன் பக்கம் மென்மையான பிரஷ் மட்டும், அதுவும் பெயராம இருந்தால்தான்.

கண்ணாடிப் பக்கம்தானேன்னு துடைக்கிறவங்க இதை அவசியம் கவனிக்கணும். பின்னணியை வெள்ளையாக்க அங்கே சிவப்புச் சாயமோ கறுப்பு மையோ பூசியிருப்பாங்க, கறுப்புக் காகிதத்தை வெட்டி ஒட்டியிருப்பாங்க. அது அழுக்கில்லை, ஸ்டுடியோக்காரர் செஞ்ச வேலை. முகத்தில் அம்மைத் தழும்பை மறைச்ச பென்சில் கோடுகளும் அப்படித்தான், அது எமல்ஷன் பக்கம் இருக்கும். பூச்சு எதுவும் இல்லைன்னு உறுதியானா, காய்ச்சி வடிச்ச தண்ணியும் எத்தனாலும் சரிபாதி கலந்து, பஞ்சை நனைச்சு நல்லாப் பிழிஞ்சு, ஓரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னாடியே நிறுத்துங்க. ஓரம் வரைக்கும் போனா ஈரம் மறுபக்கம் ஏறிடும்.

ஒண்ணோட ஒண்ணு ஒட்டின பிளேட்டைப் பிளேடு விட்டுப் பிரிக்காதீங்க. அப்படியே சுத்தி, ஈரப்பதம் குறைவான அறையில் வச்சு, பழம்பொருள் பாதுகாப்பு நிபுணர்கிட்ட காட்டுங்க.

—

எடை பத்தி யாரும் சொல்றதில்லை. ஃபுல் பிளேட் (6½ × 8½ அங்குலம்) ஒண்ணு சுமார் 150 கிராம். 25 அடுக்கினா நாலு கிலோவுக்குப் பக்கம். ஒரு பெட்டிக்கு அதுக்கு மேல வேண்டாம். ஒவ்வொண்ணையும் அமிலமில்லாத காகிதத்தில் நாலு பக்கமும் மடிச்சு மூடி, நீளவாக்கில் நிமிர்த்தி வைக்கணும். படுக்க வச்சு அடுக்கினா கீழ இருக்கிறது விரிசல் விடும். உடைஞ்சதை மட்டும் அட்டைமேல படுக்க வைங்க, துண்டுகள் ஒண்ணோட ஒண்ணு உரசாம.

பிலிம் இருந்தா தனியா எடுத்து வைங்க. புளிச்ச காடி வாசனை வந்தா அசிட்டேட் வகை பிலிம். மஞ்சளாகிப் பிசுபிசுத்தா நைட்ரேட்டா இருக்கலாம். அது தீப்பிடிச்சா தண்ணியாலும் அணையாது, வீட்டுக்குள் வேண்டாம்.

—

டிஜிட்டல் பண்ணும்போது ஓரத்தை வெட்டாதீங்க. இதைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். பிரின்ட் போடும்போது ஸ்டுடியோ மறைச்ச பகுதியெல்லாம் பிளேட்டில் முழுசா இருக்கு. வரைஞ்ச மாளிகைத் திரை தரையில் முடியுற இடம், குழந்தையைப் பின்னாலிருந்து பிடிச்சிருக்கிற அம்மாவின் வளையல் கை எல்லாம் அங்கேதான். பூத்தைச்ச ஜடை தெரியணும்னு பெண்ணுக்குப் பின்னால நிலைக்கண்ணாடி வச்சு எடுத்த படங்களை இன்னும் பெரிசாக்கிப் பாருங்க. அந்தக் கண்ணாடிக்குள்ள சில நேரம் கூரையின் வெளிச்சக் கண்ணாடியும் கேமரா முக்காலியும் ஓரமா நிக்கிற உறவுக்காரரும் தெரிவாங்க. அந்த ஸ்டுடியோவின் உட்புறத்துக்கு வேற சாட்சியே இல்லாம இருக்கலாம்.

அடியிலிருந்து வெளிச்சம் தர்ற லைட் பாக்ஸ், கிட்டத்தில் எடுக்கிற மேக்ரோ லென்ஸ், கேமராவின் மூலப்பதிவான ரா பைல் – இது மூணும் வேணும். எமல்ஷன் கேமராவைப் பார்க்கணும், பிறகு கம்ப்யூட்டரில் இடவலம் திருப்பிக்கலாம். பிளேட்டைச் சுத்திக் கறுப்பு அட்டை வைக்காட்டி வெளிச்சம் சிதறி கறுப்பு வெளுத்துப்போகும். 24 மெகாபிக்சலில் ஹாஃப் பிளேட்டுக்கு (ஃபுல் பிளேட்டில் சுமார் பாதி) அங்குலத்துக்கு 800 புள்ளி கிடைக்கும், போதும். பிறகு லைட் பாக்ஸை அணைச்சு, பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னொரு ஷாட். டச்சிங் (பென்சில் திருத்தம்), சாயம், கீறின நம்பர் எல்லாம் அதில்தான் பதியும். பைல் பேர் வருஷமும் ஆர்டர் புத்தக நம்பரும் சேர்ந்ததா இருக்கட்டும்.