ஆண்டு மலரும் பிள்ளைகள் சொன்ன கதைகளும்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

லீவில் ஊருக்கு வந்திருப்பதால், நம் சங்கத்தின் ஆண்டு மலருக்காகப் பிள்ளைகளிடம் கதை கேட்க நூலகத்தில் நடந்த கதை நேரத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். 'கண்ணியம்' என்று தலைப்புக் கொடுத்ததும் பிள்ளைகள் பேச்சுப்போட்டிக் குரலுக்குப் போய்விட்டார்கள். இரண்டு குறள், ஒரு பாரதியார் வரி, நன்றி வணக்கம். அப்புறம் டீச்சர் மதினிதான் கேள்வியை மாற்றினார்: "உன்னையோ உன் வீட்டு ஆளையோ யாராவது நிற்க வைத்திருக்கிறார்களா? எங்கே? எவ்வளவு நேரம்?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பதினொன்றாவது படிக்கிற ஒரு பையன் ஆரம்பித்தான். அவன் அக்கா டவுனில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றுதான் ஆக வேண்டும். "கால் வீங்குற அன்னைக்குக் கொலுசைக் கழற்றி ஆணியில மாட்டிருவா. ஆணியில கொலுசைப் பார்த்தா நான் டிவி போட மாட்டேன்" என்றான்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். கேரளத்தில் 2018-இல் வந்தது. அங்கே கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் கழிப்பறைக்குப் போகக்கூட வழியில்லாமல் பட்ட பாட்டை வெளியே சொல்லிப் போராடியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. இதை அவனிடம் சொன்னேன். "அப்ப அக்கா கடையில ஏன் நாற்காலி இல்ல?" என்று கேட்டான். அவன் கதையை அந்தக் கேள்வியோடுதான் மலரில் போட வேண்டும்.

இன்னொரு கதை நம் சங்கத்தைப் பற்றியது. போன வருடம் சங்கம் கொடுத்த நோட்டை மேடையில் வாங்கிய பிள்ளை சொன்னது. மைக்கில் "தகப்பன் இல்லாத பிள்ளை" என்று சொல்லிக் கூப்பிட்டோம். போட்டோ சரியாக விழவில்லை என்று திரும்ப நிற்க வைத்து, சிரிக்கச் சொல்லி, மறுபடி எடுத்தோம். அந்தப் படம் வகுப்பு முழுக்கச் சுற்றியிருக்கிறது. "நோட்டு நல்ல நோட்டுதான். நான் அதுல எழுதல, தம்பிக்குக் குடுத்துட்டேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நன்கொடை தந்தவர்கள் மனம் நோகும், இதை மலரில் தவிர்க்கலாம் என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். நான் உறுதியாக மறுக்கிறேன். பேசச் சொல்லிவிட்டு, நமக்குப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டால் அந்தப் பிள்ளை இனி வாயே திறக்காது. அவளும் அவள் அம்மாவும் சம்மதித்தால், அவள் பேசிய தமிழிலேயே, ஒரு சொல்லும் திருத்தாமல் போடுவோம். பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமல். அச்சுக்குப் போகும் முன் வேண்டாம் என்றாலும் சரி, எடுத்துவிட வேண்டும்.

பள்ளி திறக்கப் போகிறது. இந்த முறை மேடையும் போட்டோவும் வேண்டாம். நோட்டுகளைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக் குழுவில் போட்டால் கணக்குக்குப் போதும். மாற்றுக் கருத்து இருந்தால், செயற்குழு கூடும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
மேலத்தெருக்காரன்