அல்சூர் பூங்காவில் வெட்டிய உறைகிணற்றில் மழைநீர் இறங்கவில்லை

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்போர் சங்கத் தன்னார்வலர்கள், தலைமுறைகளாகக் கிணறு தோண்டும் மண்ணு வட்டர்களைக் கொண்டு பிப்ரவரியில் வெட்டிய மழைநீர் உறைகிணற்றில், இப்போது தண்ணீர் நிலத்துக்குள் இறங்குவதே இல்லை.

ஆழம் 20 அடி, விட்டம் 3 அடி. துளையுள்ள சிமென்ட் உறைகள், அடியில் தளம் கிடையாது. மே மாத மழை ஒரே இரவில் வடிந்தது. ஆகஸ்டிலிருந்து நான்கு நாளானாலும் இடுப்பளவு நீர் நிற்கிறது. மேலே செம்மண் பாலாடைபோல் படிகிறது. பக்கத்து நடைபாதையைத் தோண்டியதும் அதே மாதத்தில்தான்.

வடிகட்டித் தொட்டியின் ஜல்லியை இருமுறை கழுவினோம், அடியிலிருந்து அரையடி வண்டலை அள்ளினோம், கொசுவலையும் கட்டினோம் (புகார்கள் அதிகம் வந்தது கொசுத் தொல்லை பற்றித்தான்). நீர்மட்டம் குறையவில்லை.

உறைத் துளைகளுக்கு வெளியே களிமண் அடைத்திருக்குமா, அல்லது இன்னும் ஐந்தடி ஆழப்படுத்த வேண்டுமா என்பதை, இத்தகைய கிணற்றைப் பராமரித்தவர்கள் சொல்ல முடியுமா?