கோடைத் தீவன வயல் போட்டால் வேட்டை நிலத்தில் மான் எண்ணிக்கை கூடுமா?

எண்பது ஏக்கர்:

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தின் நடுப்பகுதியில் என்னிடம் 80 ஏக்கர் வேட்டை நிலம் இருக்கிறது. 62 ஏக்கர் ஓக், ஹிக்கரி மரங்கள் அடர்ந்த காடு. மீதி 18 ஏக்கர் பழைய மேய்ச்சல் தரை, முழுக்க டால் ஃபெஸ்கியூ புல். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகளும் உலர்புல் நிலங்களும்தான். பக்கத்தில் சோயா வயலோ மக்காச்சோள வயலோ கிடையாது. குளிர்காலத்துக்குக் கோதுமையும் குளோவரும் விதைப்பது வழக்கம். இந்த முறை மே மாதம் 3 ஏக்கரில் சோயாவோ தட்டைப்பயறோ போடலாம் என்று திட்டம்.

இரண்டு விஷயம் தெளிவாக வேண்டும். கோடைத் தீவனத்தால் வெண்வால் மான்களின் எண்ணிக்கை உண்மையிலேயே கூடுமா, அல்லது இருக்கிற மான்கள் ஒரே இடத்தில் கூடுவதுதானா? ஆகஸ்டில் வயலில் நிற்கும் மான்கள் நவம்பரிலும் அங்கேயே இருக்குமா?

காட்டுச்சூழல்:

மூன்று வேறு விஷயங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வயலில் எத்தனை மான் கண்ணில் படுகிறது என்பது ஒன்று. அந்த மான்களின் உடல்நிலை இன்னொன்று. அந்த வட்டாரத்தில் மொத்தம் எத்தனை மான் என்பது மூன்றாவது. முதலாவது ஒரே மாதத்தில் மாறும். இரண்டாவது மாற ஓரிரு ஆண்டு ஆகும். மூன்றாவதை 3 ஏக்கர் வயல் தனியாக மாற்றுவது கடினம்.

காரணம், மானின் நடமாட்டப் பரப்பு. பெட்டை மான் ஆண்டு முழுவதும் சில நூறு ஏக்கருக்குள் சுற்றும். ஆண் மானுக்கு அதைவிட இரண்டு மூன்று மடங்கு வேண்டும். ஆக, உங்கள் 80 ஏக்கரில் முழு வாழ்க்கையையும் நடத்தும் மான் என்று ஒன்றுகூட இல்லை. நல்ல தீவனம் முளைத்ததும் ஏற்கெனவே உங்கள் நிலத்தைத் தொட்டுப் போகும் மான்கள் கூடுதல் நேரம் அங்கே தங்கும், அவ்வளவுதான். ஐந்து மைலுக்கு அப்பால் இருக்கும் பெட்டை, பயறு வாசனைக்கு வந்து குடியேறாது. பெட்டைக் குட்டிகள் பெரும்பாலும் தாயின் பரப்பை ஒட்டியே தங்கிவிடும். நியூயார்க்கின் அடிராண்டாக் மலைப்பகுதியில் நடந்த ஆய்வுகளில் இதை ரோஜா இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கு ஒப்பிட்டார்கள். வேறிடம் தேடிப் போவது ஒன்றரை வயது ஆண் மான்கள். அவை போவதும் தீவனத்துக்காக அல்ல.

எண்ணிக்கை கூட ஒரே வழி, பிறந்து பிழைக்கும் குட்டிகள் சாகும் மான்களைவிட அதிகமாக இருப்பது. தீவனம் இதில் எங்கே வருகிறது என்றால், உங்கள் பகுதியில் குட்டிகள் பெரும்பாலும் மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கும். பால் கொடுக்கும் முதல் சில வாரங்கள்தான் பெட்டைக்கு ஆண்டிலேயே மிகக் கடுமையான காலம். உடம்பைத் தக்கவைக்க மட்டும் 6 முதல் 8 சதவீதப் புரதம் போதும். பால் சுரக்கவும் கொம்பு வளரவும் 16 சதவீதம் அளவில் தேவை. நல்ல பயறு இலையில் அதற்கு மேலேயே உண்டு. பெட்டை தேறினால் அடுத்த முறை இரட்டைக் குட்டிக்கு வாய்ப்பு கூடும். நன்றாக வளர்ந்த பெட்டைக் குட்டி பிறந்த ஆண்டே, ஆறேழு மாதத்தில், சினை பிடிப்பதும் உண்டு.

தீவனம் நிறைந்த இடத்தில் கூட்டம் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதற்கு மிச்சிகனின் ஜார்ஜ் ரிசர்வ் பழைய சாட்சி. சுமார் 1,150 ஏக்கர் வேலியிட்ட நிலத்தில் 1928-இல் 6 மான்களை விட்டார்கள். 1933-இல் ஆள் வரிசை கட்டி ஓட்டி எண்ணியபோது 160 இருந்தன. ஆனால் அங்கே வேலி உண்டு, தொடக்கத்தில் தலைக்கு ஏராளமான இடமும் உண்டு. உங்கள் இடத்தில் கொயோட் என்ற ஓநாய் இன விலங்கு இருக்கிறது. தென் கரோலினாவின் சவன்னா ரிவர் சைட் ஆய்வில், குட்டிகளில் பெரும்பாலானவை முதல் சில வாரங்களிலேயே இறந்தன. முக்கியக் காரணம் கொயோட். குட்டி ஒளிந்து கிடக்க இடுப்பளவு புதரும் உயரப் புல்லும் இல்லாவிட்டால், தாய்க்கு எவ்வளவு பயறு போட்டாலும் கணக்கு ஏறாது. டால் ஃபெஸ்கியூ அடியில் பாய் விரித்ததுபோல் படிந்துவிடும். அதில் குட்டி ஒளியவும் முடியாது, மானுக்குத் தின்னவும் பெரிதாக ஒன்றும் இல்லை.

என் கருத்தில் உங்கள் முதல் வேலை அந்த ஃபெஸ்கியூவைக் கொல்வது. முந்தைய இலையுதிர் காலத்தில், புல் பச்சையாக வளரும்போது, 41 சதவீத கிளைபோசேட் களைக்கொல்லியை ஏக்கருக்கு 2 குவார்ட் (சுமார் 1.9 லிட்டர்) தெளியுங்கள். அதன் பின் 15 ஏக்கரை அப்படியே விடுங்கள். மண்ணில் புதைந்து கிடக்கும் விதைகளிலிருந்து ராக்வீட், போக்வீட், பிளாக்பெர்ரி போன்ற காட்டுச் செடிகள் தாமாகவே வரும். இவை மூன்றும் மான் விரும்பித் தின்பவை. உழவும் வேண்டாம், விதைக் காசும் வேண்டாம், குட்டிக்கு மறைவும் கிடைக்கும்.

ஏர்முனை:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் 3 ஏக்கர் விதைப்பது வீண் இல்லை. எங்கே கெட்டுப்போகும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும்.

காகிதக் கணக்கு அழகாக இருக்கும். நன்றாக விளைந்த சோயா ஏக்கருக்கு 4,000 பவுண்டு உலர் தழை தரும் என்று வையுங்கள். 3 ஏக்கருக்கு 12,000. ஒரு மான் நாளுக்கு 4 பவுண்டு உலர் எடை தின்னும், அதில் பாதி வயலிலிருந்து என்றால் 120 நாளைக்கு 240 பவுண்டு. 50 மானுக்குப் போதும்! நடப்பது வேறு. முளைத்த முதல் முப்பது நாளில் வயலில் தழையே இருக்காது. 15 மான் தலைக்கு 2 பவுண்டு வீதம் அந்த முப்பது நாளும் வந்தால் 900 பவுண்டு போய்விடும். அந்த வயதில் மூன்று ஏக்கரும் சேர்ந்து அவ்வளவுதான் தேறும். சோயா நாற்றை விதையிலைக்குக் கீழே கடித்துவிட்டால் மறுபடி துளிர்க்காது. அக்கம்பக்கத்தில் வேறு சோயா இல்லை என்கிறீர்கள், ஆகவே முழு மேய்ச்சலும் உங்கள் மேல்தான் விழும்.

அதனால் மின்வேலி. வெளியே ஒரே கம்பி, தரையிலிருந்து 18 அங்குலம். அதற்கு 3 அடி உள்ளே தள்ளி இரண்டாவது வரிசை: 10 அங்குலத்தில் ஒன்று, 24 அங்குலத்தில் ஒன்று. மான் உயரத்தைத் தாண்டும்; உயரமும் அகலமும் சேர்ந்து வந்தால் தயங்கும். கம்பிக்கு மின்துடிப்பு அனுப்ப, வேலிக்கென்றே செய்த எனர்ஜைசர் கருவிதான் வேண்டும். கம்பியில் 5,000 வோல்ட் குறையாமல் பாருங்கள். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும், எனவே வேலிக்கடியில் களை தங்கக் கூடாது. விதை முளைக்கும் முன்பே வேலி உயிரோடு இருக்க வேண்டும். மான் ஒரு முறை ருசி கண்டபின் கட்டும் வேலிக்கு மதிப்பில்லை. செடி முழங்கால் உயரம் தாண்டியதும் திறந்துவிடலாம்.

பயிர்த் தேர்வு. தட்டைப்பயறு வேகமாக வளரும், சூட்டைத் தாங்கும், கடித்தால் ஓரளவு துளிர்க்கும். ஆனால் மானுக்கு அது தின்பண்டம், நாற்றிலேயே மொட்டையடித்துவிடும். லேப்லேப் என்ற பெயரில் விற்பது நம்ம மொச்சை இனம்தான். தொடக்கத்தில் மெதுவாக வளரும். வேர் பிடித்தபின் வறட்சியையும் மேய்ச்சலையும் நன்றாகத் தாங்கும். முதல் உறைபனியில் செத்துவிடும். சோயாவுக்கு ஒரு தனி லாபம்: தழை தப்பினால் குளிர்காலத்தில் காய் நிற்கும்.

அளவுகள், ஏக்கருக்கு: சோயா விதைப்பானில் 50 பவுண்டு, தூவினால் 75 வரை. தட்டைப்பயறும் ஏறக்குறைய அதே. மொச்சை 15 பவுண்டு, தூவினால் 25. ஆழம் 1 அங்குலம். தட்டைப்பயறு ஒன்றரை வரை போகலாம். மண் வெப்பம் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டபின் விதையுங்கள். ஏப்ரல் மழையைப் பார்த்து அவசரப்பட்டால் விதை அழுகும். பழைய மேய்ச்சல் தரை பெரும்பாலும் புளித்த மண்ணாக இருக்கும். மண் பரிசோதனையில் கார அமில நிலை 6-க்குக் கீழே வந்தால் அறிக்கை சொல்லும் அளவு சுண்ணாம்பை விதைப்புக்கு ஆறு மாதம் முன்பே போட வேண்டும். விதைக்கும் வாரத்தில் கொட்டிய சுண்ணாம்பு அந்தக் கோடைக்கு அநேகமாக உதவாது. தழைச்சத்து உரம் வேண்டாம், அது களையைத்தான் வளர்க்கும். பதிலாக, வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் ரைசோபியம் நுண்ணுயிரால் விதை நேர்த்தி செய்யுங்கள். சோயாவுக்குத் தனி வகை. தட்டைப்பயறுக்கும் மொச்சைக்கும் ஒரே வகை போதும். மாற்றிக் கலந்தால் வேரில் முடிச்சு வராது, இலை வெளிறும். பொட்டலத்தை வெயிலில் வண்டிக்குள் வைத்துவிட்டால் நுண்ணுயிர் செத்துவிடும்.

எண்பது ஏக்கர்:

மிக்க நன்றி, இருவருக்கும். சுண்ணாம்பையும் கிளைபோசேட்டையும் இந்த அக்டோபரிலேயே முடித்துவிடலாம் போலிருக்கிறது. நவம்பர் கேள்வி மட்டும் பாக்கி. பெட்டை மான்களைச் சுடுவது அவசியமா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

பரண்:

நவம்பரில் அதே மான்கள் இருக்கும் என்று நம்பிப் பரண் கட்டாதீர்கள். ஆகஸ்டில் ஆண் மான்கள் கூட்டாக மேயும். செப்டம்பரில் கொம்பின் மேல்தோல் உரிந்ததும் கூட்டு கலையும்; பல மான்கள் இலையுதிர் காலத்துக்கு வேறு மூலைக்கு இடம் மாறும். அதே நேரத்தில் சோயா இலை மஞ்சளாகும், ஓக் கொட்டை விழத் தொடங்கும். 62 ஏக்கர் ஓக் காடு வைத்திருக்கும் உங்கள் நிலத்தில் மான் வயலை விட்டுக் காட்டுக்குள் போவது நிச்சயம். டென்னசியில் ஆகஸ்ட் கடைசியில் வரும் மூன்று நாள் வெல்வெட் வேட்டைக்கு (கொம்பின் மேல்தோல் உரியும் முன் நடக்கும் வேட்டை) வேண்டுமானால் கோடை வயல் நேரடியாக உதவும். மற்றபடி, சோயா இலை மஞ்சளாகும்போது நிற்கும் பயிருக்குள்ளேயே கோதுமையை ஏக்கருக்கு 100 முதல் 120 பவுண்டு தூவிவிடுங்கள். உதிரும் இலை விதையை மூடும். இடைவெளி இல்லாமல் அடுத்த தீவனம் வரும்.

பெட்டை விஷயம். வயலில் பெட்டையும் குட்டியும் நிறையத் தெரிவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்று அளவைகள் உண்டு. ஒன்று தடுப்புக் கூண்டு: 10 அடி நீள, 4 அடி உயர பற்றவைத்த கம்பி வலையை வட்டமாக வளைத்து, விதைத்த அன்றே வயலில் மூன்று இடங்களில் ஊன்றுங்கள். ஜூலையில் உள்ளே இடுப்பளவும் வெளியே குச்சியுமாக இருந்தால் மான் அதிகம், அல்லது வயல் சிறியது. இரண்டாவது காடு. கிரீன்பிரையர் கொடியின் நுனியெல்லாம் கடிபட்டு, ஓக் கன்றுகளே மேலெழாமல் இருந்தால் காட்டின் தாங்குதிறன் தாண்டிவிட்டது. நிழல் அடர்ந்த காட்டில் கன்று வராததற்கு வெளிச்சமின்மையும் காரணம் என்பதால் மரம் விழுந்த வெட்டவெளியில் பாருங்கள். மூன்றாவது, சுட்ட பெட்டைகளின் எடை, வயது, மடியில் பால் இருந்ததா என்ற குறிப்பு. வயதைக் கீழ்த்தாடைப் பல்லில் பார்க்கலாம். ஒன்றரை வயதுப் பெட்டைகளின் எடை ஆண்டுக்கு ஆண்டு இறங்கினால் கூடுதலாகச் சுட வேண்டும். 80 ஏக்கரில் ஆண்டுக்கு மூன்று நான்கு பெட்டைதான் கிடைக்கும். அதை வைத்துப் போக்குச் சொல்ல முடியாது. பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர்களிடம் பேசி எல்லோருடைய குறிப்பையும் சேர்த்து ஆயிரம் ஏக்கர் அளவில் பார்த்தால்தான் அந்த எண்களுக்கு அர்த்தம் வரும்.

தீவனத்தால் குட்டி பிழைப்பது கூடி, பெட்டைகளைக் குறைக்காமல் விட்டால், சில ஆண்டில் வயலும் காடும் இரண்டுமே மொட்டையாகும். ஆகவே விதைக்கும் திட்டமும் பெட்டை வேட்டைத் திட்டமும் சேர்ந்தே போகட்டும். கொயோட் அதிகமாகி, அக்டோபரில் நிலத்தில் கட்டிவைத்த கேமராவில் பெட்டைகளோடு குட்டியே தெரியாவிட்டால் அந்த ஆண்டு பெட்டைகளைச் சுடாமல் கையை அடக்குங்கள்.

காட்டுச்சூழல்:

ஒன்று விட்டுப்போனது. வயலில் பரப்பு போதவில்லை என்று தானியத்தைக் கொட்டி ஈடுகட்ட நினைக்காதீர்கள். டென்னசியின் தென்மேற்கில் 2018 டிசம்பரில் மான்களின் நாள்பட்ட மெலிவு நோய் கண்டறியப்பட்டது. அதைப் பரப்பும் பிரியான் என்ற திரிந்த புரதம் எச்சிலிலும் சாணத்திலும் வெளியேறி, மண்ணில் பல ஆண்டு நிலைக்கும். ஒரே குவியலில் வாய் வைப்பது அதற்கு வசதியான வழி. நோய்ப் பகுதியில் தீவனம் கொட்டத் தடை உண்டு; விதைத்து வளர்த்த பயிர் அந்தத் தடையில் வராது. பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால், மாநில வனவிலங்குத் துறையின் அந்த ஆண்டு வழிகாட்டியில் உங்கள் கவுண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 62 ஏக்கர் காட்டையும் கவனியுங்கள். மேல்விதானம் மூடிய ஓக் காட்டில் மான் எட்டித் தின்னக்கூடிய தழை ஏக்கருக்கு நூறு பவுண்டு தேறுவதே கடினம். கொட்டை தரும் நல்ல வெள்ளை ஓக்குகளை விட்டுவிட்டு, சுற்றியுள்ள மேப்பிள், பீச் மரங்களின் பட்டையைக் கோடரியால் வளையமாக வெட்டி களைக்கொல்லி இட்டால் வெளிச்சம் தரைக்கு இறங்கும். ஓரிரு ஆண்டில் தழை பல மடங்காகும். பத்து ஏக்கரில் அதைச் செய்தால் 3 ஏக்கர் வயல் மேல் விழும் மேய்ச்சலும் குறையும். மரத்தைக் கொல்லும் வேலையைக் குளிர்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி கடைசியில் சாறு மேலேறத் தொடங்கினால் மேப்பிள் வெட்டில் மருந்து தங்காமல் வழிந்துவிடும்.