தொடாத ரிங் ஏன் அசைந்தது?

வேலந்தாவளம்:
கஞ்சிக்கோட்டில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு நாங்கள் செய்துகொடுத்த, ஒளிச் சிப்பின் ஹீட்டர்களுக்கு மின்சாரம் தரும் நான்கு அவுட்புட் ரெகுலேட்டரை (மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் சுற்று) பற்றியது இது. ஒரே இண்டக்டரை (ஆற்றலைத் தேக்கித் தரும் கம்பிச் சுருள்) நான்கு அவுட்புட்டும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் வகை. ஒளிச் சிப்பை ஒட்டியே போர்டு உட்கார வேண்டுமென்றால் எத்தனை இண்டக்டருக்கு இடம் கிடைக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சிப்பில் உள்ள ரிங் என்பது குறிப்பிட்ட அலைநீள ஒளியோடு மட்டும் ஒத்திசையும் சிறு ஒளி வளையம்; ஹீட்டரின் சூட்டால் அந்த அலைநீளம் நகரும். லேசரை முதல் ரிங்கின் ஒத்திசைவுச் சரிவில் நிறுத்தி, போட்டோடையோடு சிக்னலை ஆஸிலோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ரிங்கின் ஹீட்டரை ஏற்றியதும், யாரும் தொடாத முதல் ரிங்கின் கோட்டில் ஒரு குழி விழுந்து, சில பத்து மைக்ரோசெகண்டில் தானே நிமிர்ந்தது. பங்குனி வெயிலையும் சிப்புக்குள் பரவும் சூட்டையும்தான் அங்கிருந்தவர்கள் குறை கூறினார்கள். பக்கத்து ஹீட்டரின் சூடு என்றால் அது எரியும் வரை விலகல் நிற்க வேண்டுமே, ஏன் திரும்புகிறது? முதல் ஹீட்டரை மட்டும் தனி பவர் சப்ளைக்கு மாற்றியபோது குழி மறைந்துவிட்டது. ஆகவே என் சந்தேகம் பகிர்ந்த ரெகுலேட்டர் மேல்; காரணம் அதுதானா? 2 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட் சரிந்தால் ஹீட்டரின் திறன் ஏறத்தாழ 5 சதவீதம் குறையும். 25 டிகிரி ஏற்றி வைத்த சிலிக்கான் ரிங்கில் அதனால் ஒத்திசைவு அலைநீளம் சுமார் 0.09 நானோமீட்டர் நகரும், அதாவது ஒத்திசைவின் அகலத்தில் பாதிக்கு மேல்.

நகரி:
ரெகுலேட்டர் மேல் பழி போடுவதற்கு முன் கிரவுண்டைப் பார்த்தீர்களா, அண்ணா? எங்கள் சிப்பில் எல்லா ஹீட்டர்களும் ஒரே கிரவுண்ட் பேடில் (மின்னோட்டம் திரும்பும் பொது இணைப்பில்) முடிந்ததால், ஒன்றின் மின்னோட்டம் மற்றதன் அழுத்தத்தைக் கடித்தது.

ஆரம்பாக்கம்:
நகரி நண்பர் சொல்வது உண்மைதான், ஆனால் இந்தக் குழிக்கு அது பொருந்தாது. 10 மில்லிஆம்பியர் 0.1 ஓமில் 1 மில்லிவோல்ட்தான் தரும். அதுவும் பக்கத்து ஹீட்டர் எரியும் வரை நிற்கும். தனி சப்ளையின் மின்னோட்டமும் அதே பேடு வழியாகத்தான் திரும்பியிருக்கும், ஆகவே மாற்றியதால் அது மறைந்திருக்காது. என் அனுபவம் சிறியது: சுமை குறைந்ததும் கன்வெர்ட்டர் (அதாவது அந்த ரெகுலேட்டர்) சில சுவிட்ச் துடிப்புகளைத் தவிர்க்கத் தொடங்கி, ரிப்பிள் (அவுட்புட் அழுத்தத்தின் சிற்றலை) சில கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி, ரிங் அதற்கேற்ப ஆடியது. மெகாஹெர்ட்ஸ் ரிப்பிளை ஹீட்டரின் வெப்ப மந்தமே விழுங்கிவிடும், கிலோஹெர்ட்ஸை விழுங்காது. எனவே துடிப்பு தவிர்க்கும் முறையை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையிலும் இண்டக்டர் மின்னோட்டம் பூஜ்யம் தொட்ட பிறகே அடுத்த அவுட்புட்டுக்குத் திறக்கும்படி வைத்தால் ஒன்றின் பாரம் மற்றதன் மேல் ஏறுவது பெரிதும் அடங்கும்; உச்ச மின்னோட்டம் கூடுவதால் இண்டக்டர் கொஞ்சம் பெரிதாகும் என்பதுதான் விலை. அதற்கும் மேல் வேண்டுமென்றால் ரிங் ஹீட்டர்களுக்கு மட்டும் 0.2 வோல்ட் இடைவெளி விட்டு எல்.டி.ஓ. (சுவிட்ச் இல்லாமல் அழுத்தத்தைச் சீராக்கும் சிறு ரெகுலேட்டர்) போடலாம்; 2.2 வோல்ட்டில் ஒன்பது சதவீதம் சூடாகப் போகும், அதைச் சிப்பிலிருந்து தள்ளி வையுங்கள். போட்டோடையோடு பயஸுக்கு (அதற்குத் தரும் நிலையான மின்னழுத்தத்துக்கு) வெப்ப மந்தம் என்ற சலுகை கிடையாது, அங்கே மெகாஹெர்ட்ஸ் ரிப்பிளும் அப்படியே தெரியும், ஃபில்டர் தனியாகத்தான் வேண்டும்.

வேலந்தாவளம்:
நான் கேட்டது காரணம், ஐயா, மருந்தல்ல. இருந்தாலும் பூஜ்யம் தொடும் முறையை அடுத்த போர்டில் பார்க்கிறேன். இண்டக்டர் எவ்வளவு பெரிதாகும் என்பதில்தான் எங்கள் இடப் பிரச்சினை மீண்டும் நிற்கிறது.