லினக்ஸ் போட்டால் அரசாங்கம் எட்டிப்பார்க்க முடியாதா?

கோவில்பட்டி டிடிபி:
வணக்கம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். இருப்பது ஒரே லேப்டாப், ஆறாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு அப்டேட் நின்றுவிட்டது. 11 போடப் பார்த்தால் இந்த மெஷினுக்கு ஆகாது என்கிறது. புதுசு வாங்க இப்போது வழியில்லை.

தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுடுக்கா, கவர்மென்ட்டே நினைச்சாலும் பார்க்க முடியாது" என்கிறான். பத்து ஏஜென்சிகள் யார் கம்ப்யூட்டரையும் பார்க்கலாம் என்று உத்தரவு இருக்கிறதாமே? எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் பட்டா, பத்திரம், ஆதார் என்று ஊர்க்காரர் பேப்பரெல்லாம் இதில்தான் வருகிறது. மாறலாமா? பக்கம் வடிவமைக்க நான் வைத்திருக்கும் பழைய பேஜ்மேக்கர் சாஃப்ட்வேர் அதில் ஓடுமா?

மின்ட் பிரியன்:
லினக்ஸில் மின்ட் என்று ஒரு வகை இருக்கு, அதைப் போடுங்கக்கா. 4 ஜிபி ரேமில் நன்றாகவே ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் வரும்.

பழைய சர்வீஸ்காரன்:
தம்பி சொல்வதில் பாதி சரிம்மா. மீதிப் பாதிதான் வம்பு.

நீங்கள் கேள்விப்பட்டது 2018 டிசம்பர் 20-ம் தேதி உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவு. ஐபி என்கிற உளவுத்துறை, சிபிஐ, அமலாக்கத்துறை, வருமான வரி, டெல்லி போலீஸ் கமிஷனர் என்று பத்துப் பேர் அந்தப் பட்டியலில். அதற்கு அடிப்படை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவு. நினைத்த நேரத்தில் உள்ளே புகுந்துவிட முடியாது, உள்துறைச் செயலர் அனுமதி வேண்டும். ஆனால் நீதிபதியிடம் போக வேண்டியதில்லை. கேட்பதும் அரசு, கொடுப்பதும் அரசு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் இதுதான் நிலைமை. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லி அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ள வழி இருக்கிறது.

இதில் லினக்ஸ் எங்கே வருகிறது? வரவே இல்லை. போன் பேச்சை டெலிகாம் கம்பெனியிடம் கேட்பார்கள், மெயிலை மெயில் கம்பெனியிடம் கேட்பார்கள். உங்கள் டிஸ்க்கையே திறக்கச் சொல்லி அதே 69-ன்கீழ் உத்தரவு வந்து, நீங்கள் உதவ மறுத்தால் ஏழு வருஷம் வரை ஜெயில். லினக்ஸின் பெங்குவின் படம் வந்து காப்பாற்றாது.

அப்புறம் எதற்கு மாறணும்? அப்டேட் தொடர்ந்து வரும். என்ன செய்கிறீர்கள் என்று கம்பெனிக்குத் தகவல் அனுப்புவது பெருமளவு குறையும். மின்ட் போடும்போதே டிஸ்க்கை என்கிரிப்ட் செய்ய, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்ட, ஒரு வழி இருக்கும், அதை டிக் செய்யுங்கள். லேப்டாப் திருடு போனால் ஊர்க்காரர் பேப்பர் தப்பிக்கும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்து எத்தனை நாளாச்சு? சர்வீஸுக்கு வந்த ஒரு கடை மெஷினில் பார்த்தேன், நூற்றுக்கணக்கில் இ-ஆதார் பிடிஎஃப். பாஸ்வேர்டு இருக்கே என்றார் கடைக்காரர். பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து, அப்புறம் பிறந்த வருஷம், இதுதானே பாஸ்வேர்டு? பக்கத்திலேயே பெயரும் பிறந்த தேதியும் போட்ட அதே ஆளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஸ்கேன் கிடந்தது!

இலவச லேப்டாப் பார்ட்டி:
எங்களுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பிலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் இருந்தது. அதைச் செய்தது சி-டாக், அதுவும் மத்திய அரசு நிறுவனம். எங்கள் வகுப்பில் ஒருத்தரும் அதைத் திறக்கவில்லை, என்னையும் சேர்த்து. :)

பேஜ்மேக்கர் பற்றி யாரும் சொல்லவில்லையே. விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸில் ஓட்டுகிற வைன் வைத்து முயன்றேன். திறந்தது, ஆனால் பழைய தமிழ் ஃபான்ட் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரி வேலை இருந்தால் விண்டோஸை அழிக்காதீர்கள்.

பழைய சர்வீஸ்காரன்:
ஆமாம். இருக்கிற ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் சின்ன எஸ்எஸ்டி ஒன்று வாங்கி அதில் மின்ட் போடுங்கள். பேஜ்மேக்கர் வேலை வந்தால் மட்டும் பழையதை மாட்டி, நெட் இல்லாமல் ஓட்டுங்கள்.

கோவில்பட்டி டிடிபி:
ஃபோல்டரைப் பார்த்தேன் அண்ணாச்சி. 1,140 ஃபைல். போன ஆடியில் இறந்துபோன எங்கள் தெரு டீச்சரின் ஆதாரும் பென்ஷன் புக்கும் இருக்கிறது. வாட்ஸ்அப் வெப்பில் வேறு யாரோ ஒரு கஸ்டமரின் கணக்கு லாக்அவுட் ஆகாமல் கிடந்தது, குடும்ப குரூப் எல்லாம் தெரிந்தது. நல்ல நேரம், நான்தான் பார்த்தேன்.

எல்லாவற்றையும் அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். இனிமேல் பிரிண்ட் எடுத்ததும் அவர்கள் கண் முன்னாலேயே டெலிட். ஞாயிற்றுக்கிழமை தம்பி எஸ்எஸ்டி மாட்டுகிறான். 240 ஜிபி போதுமா, சொல்லுங்கள்.