புதுப்பிப்பு: மகளின் கீமோ முடிந்தது

இரண்டு வருடங்களுக்கு முன் இங்கே அழுதுகொண்டே எழுதியிருந்தேன். 5 வயது மகளுக்கு லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய், எப்படித் தாங்குவது என்று. அன்று ஆறுதல் சொன்ன அத்தனை பேருக்கும் இந்தச் செய்தி.

போன வாரம் கடைசி கீமோ மாத்திரையும் முடிந்தது. தினமும் இரவு மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் என்று வீட்டுக் காலண்டரே மாத்திரைக் கணக்காக இருந்தது. அப்புறம், மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் தோலுக்கடியில் பொருத்திய போர்ட்டை அடுத்த மாதம் எடுத்துவிடுவார்கள். ரத்தப் பரிசோதனை தொடரும். ஒவ்வொரு முறையும் வயிறு கலங்கத்தான் செய்யும்.

ஆனால் முடி அடர்த்தியாக வளர்ந்துவிட்டது. இன்று காலை எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னினேன், கை நடுங்கியது. கிருமிக்குப் பயந்து சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தேக்கா தீபாவளி விளக்குகளை டாக்ஸி ஜன்னல் வழியாகவே பார்த்தவள், இந்த வருடம் நடந்தே பார்க்க வேண்டுமாம். கூட்டிப் போகிறேன், வளையலும் வாங்கித் தருகிறேன்.