எம்ஜிபி: ஹெடர் மாட்டிய பிறகு டிக் டிக் சத்தம், காலை எடுத்தால் படபடவென்று வெடிப்பு

பச்சை ரோட்ஸ்டர்

வணக்கம் நண்பர்களே. என் வண்டி 1969 எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ ஹெச்எஸ்4 கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கருவி; எஸ்யூ அதன் தயாரிப்பாளர் பெயர்). கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), வால்வு எதிலும் கை வைக்கவில்லை. எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் விரிசல் விழுந்துவிட்டதால், மாற்றுவதே மாற்றுகிறோம், அதற்குப் பதிலாகக் குழாய்களை வெல்டிங் செய்து வரும் ஹெடராகவே போடுவோம் என்று மூன்று குழாய் ஒன்றில் சேரும் ஸ்டெயின்லெஸ் ஹெடர் வாங்கிப் போட்டேன். கேஸ்கெட் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு), ஸ்டட் (எஞ்சினில் பதிந்து நிற்கும் மரைத் தண்டு), பித்தளை நட் எல்லாமே புதியவை. வாஷர்கள் மட்டும் பழையவை.

இப்போது குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று சத்தம். சூடேறியதும் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் படபடவென்று வெடிக்கிறது. இன்னொன்று: நன்றாக ஓட்டி நிறுத்திவிட்டுச் சற்று நேரத்தில் மறுபடி கிளப்பினால் திணறுகிறது. ஹெடருக்குச் சூடு தடுக்கும் துணிப்பட்டை சுற்றினால் இது சரியாகுமா? எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஊசி வேலன்

கலவை லீனாகிவிட்டது, அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஹெடர் போட்டால் எஸ்யூவில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசியை மாற்றியே ஆக வேண்டும். இப்போதைக்கு இரண்டு கார்புரேட்டரிலும் அடியில் இருக்கும் ஜெட் நட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி, பெட்ரோலைக் கூட்டி ரிச் செய்து பாருங்கள், வெடிப்பு நின்றுவிடும்.

பழைய இரும்பு

வேலன் சார், ஊசி விஷயம் பிறகு வரட்டும். குளிரில் சத்தம், சூட்டில் இல்லை என்றால் அது கசிவு. உலோகம் விரிந்து இடைவெளி மூடிக்கொள்ளும்வரை புகை அங்கே துப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டை வெளியே மட்டும் விடாது. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காலை எடுக்கும்போது எரியாமல் வரும் பெட்ரோல் அந்தக் காற்றோடு சேர்ந்து குழாய்க்குள் எரிகிறது. அதுதான் படபடப்பு. இந்த நிலையில் கலவையை ரிச் செய்தால் பிளக் கரியாகும், கசிவு அப்படியேதான் இருக்கும். குழாயில் லாம்டா சென்சார் (புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளப்பது) வைத்து அளந்தாலும் அந்த வெளிக்காற்றையும் சேர்த்துத்தான் படிக்கும். லீன் என்று பொய் சொல்லும்.

ரோட்ஸ்டர் நண்பரே, முதலில் கசிவு எங்கே என்று பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஊதும் வசதியுள்ள வேக்குவம் கிளீனரின் குழாயை சைலன்சரின் வாலில் துணி சுற்றிச் செருகி ஊதவிடுங்கள். ஹெடர் எஞ்சின் தலையோடு (சிலிண்டர் ஹெட்) சேரும் இடங்களிலும், மூன்று குழாய்கள் சேரும் இடத்திலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை கிளம்பும் இடம்தான் குற்றவாளி.

பச்சை ரோட்ஸ்டர்

பார்த்தேன். நடுத் துளைக்குப் பக்கத்தில் நுரை பொங்குகிறது. பின் துளையிலும் கொஞ்சம். கீழே குழாய்கள் சேரும் இடம் சுத்தம். நட்டை இன்னும் இறுக்கலாமா?

பழைய இரும்பு

வேண்டவே வேண்டாம். ஸ்டட் தலையிலிருந்து பிய்ந்து வரும், அப்புறம் கதை வேறு.

இந்த எஞ்சினில் இன்டேக்கும் (கலவை உள்ளே போகும் வழி) எக்ஸாஸ்டும் (புகை வெளியேறும் வழி) ஒரே பக்கத்தில் இருக்கின்றன. தலையில் வரிசையாக எக்ஸாஸ்ட், இன்டேக், எக்ஸாஸ்ட், இன்டேக், எக்ஸாஸ்ட் என்று ஐந்து துளை. இரண்டு மேனிஃபோல்டுக்கும் நடுவில் வரும் ஸ்டட்களில் ஒரு தடித்த பெரிய வாஷர் இருக்கும். அதன் ஒரு பாதி இன்டேக் ஃப்ளாஞ்சையும் (தலையோடு ஒட்டும் தட்டை விளிம்பு) மறு பாதி எக்ஸாஸ்ட் ஃப்ளாஞ்சையும் பிடிக்கிறது. இரண்டு ஃப்ளாஞ்சும் ஒரே தடிமனாக இருந்தால்தான் அது சமமாக அழுத்தும். ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டால், வாஷர் சாய்ந்து தடித்த பக்கத்தை மட்டும் பிடிக்கும். மெல்லிய பக்கத்தை எவ்வளவு இறுக்கினாலும் பிடிப்பு வராது. தொழிற்சாலை வார்ப்புகள் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஹெடர் வேறொருவர் செய்தது. அதனால் இந்தக் காரில் ஹெடர் வாங்கும்போது குதிரைத்திறன் பேச்சை ஒதுக்கிவிட்டு ஃப்ளாஞ்சின் தடிமனைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

கழற்றி, ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் இருபுறமும் வெர்னியரால் அளந்து போடுங்கள். ஹெடர் முகத்தில் நேரான எஃகுப் பட்டை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்றும் பாருங்கள். வெல்டிங் சூட்டில் ஃப்ளாஞ்ச் வளைந்திருக்க வாய்ப்பு உண்டு.

மூன்று துளை

இடையில் ஒரு கேள்வி, நானும் வாங்கலாம் என்று இருக்கிறேன். நான்கு குழாய் ஒன்றில் சேரும் ஹெடர் இதைவிட நல்லது என்கிறார்களே?

பழைய இரும்பு

இந்தத் தலைக்கு நான்கு குழாய் எங்கே மாட்டுவீர்கள்? இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் புகை தலைக்குள்ளேயே சேர்ந்து நடுத் துளை வழியாக வருகிறது. எரியும் வரிசை 1-3-4-2. அதாவது அந்த இரண்டு சிலிண்டர்களின் துடிப்புகளுக்கு நடுவே கிராங்க் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது, ஒன்றோடொன்று மோதாது. ஒன்றும் நான்கும் கூட அதே இடைவெளிதான். நடுக் குழாயை நீளமாக விட்டு, ஓரக் குழாய்கள் இரண்டையும் சேர்த்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்கும் வடிவத்தை எல்சிபி (லாங் சென்டர் பிராஞ்ச்) என்பார்கள். மினி கார் வைத்திருப்பவர்களுக்கு நன்கு பழக்கமான பெயர். நான்கு குழாய் வேண்டுமென்றால் இன்டேக் ஒரு பக்கம், எக்ஸாஸ்ட் மறுபக்கம் என்று தனித்தனித் துளையோடு வரும் வேறு அலுமினியத் தலைக்குப் போக வேண்டும்.

குழாய் பெரிதாக இருந்தால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். புகையின் வேகம் குறைந்து, ஊருக்குள் ஓட்டும் ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும். உண்மையைச் சொன்னால், எம்ஜிபியின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே மோசமில்லை. கேமும் தலையும் பழையபடி இருக்கும் எஞ்சினில் ஹெடர் மட்டும் போட்டுப் பெரிதாக எதுவும் கிடைக்காது. எடை குறையும், சத்தம் மாறும்.

ஊசி வேலன்

அந்தச் சத்தத்துக்காகத்தான் பாதிப் பேர் வாங்குகிறார்கள், ஒத்துக்கொள்ளுங்கள்.

பச்சை ரோட்ஸ்டர்

அளந்துவிட்டேன். ஹெடர் முகம் நேராக இருக்கிறது, ஃபீலர் நுழையவில்லை. ஆனால் ஃப்ளாஞ்ச் இன்டேக்கைவிட மெல்லியது. முன் பக்கம் 0.9 மி.மீ., நடுவில் 1.1, பின்னால் 1.0. கழற்றிய கேஸ்கெட்டில் நடுத் துளையிலிருந்து ஓரம் வரை கருப்பாகக் கரிக்கோடு ஓடியிருக்கிறது.

பழைய இரும்பு

அந்தக் கரிக்கோடுதான் புகை போன வழி. படிவாஷர் செய்யக் கொடுங்கள். எஃகில் தடித்த வட்டம் கடைந்து, ஒரு பாதியில் மட்டும் அந்தந்த இடத்து வித்தியாச அளவுக்கு மில் செய்து எடுக்க வேண்டும். தடித்த பாதி ஹெடர் பக்கம், மெல்லிய பாதி இன்டேக் பக்கம். எது எந்த ஸ்டட்டுக்கு என்று குறித்து வையுங்கள். மாட்டும்போது நட்டோடு சேர்ந்து வாஷரும் சுழலப் பார்க்கும். ஓரத்தில் சிறிய தட்டை முகம் அரம் போட்டு வைத்தால் ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளலாம். பாதி வட்டத் தகடு வெட்டிச் சொருகச் சிலர் சொல்வார்கள், அதிர்வில் விழுந்துவிடும்.

புதிய கேஸ்கெட் போடுங்கள். ஒருமுறை நசுங்கியது மறுபடி பிடிக்காது. எல்லா நட்டையும் கையால் முட்டும்வரை போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றுச் சுற்றாக இறுக்குங்கள். இறுக்கும் அளவு கையேட்டில் இருப்பதுதான், அதற்கு மேல் வேண்டாம். எஞ்சின் ஒருமுறை நன்கு சூடாகி முழுதும் ஆறிய பிறகு மறுபடி டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பாருங்கள்.

கீழே தாங்கி இருக்கிறதா என்றும் சொல்லுங்கள். சைலன்சர் குழாயை கியர்பாக்ஸோடு பிடிக்கும் பிராக்கெட்டை விட்டுவிட்டால் முழு எடையும் ஹெடர் வெல்டிங்கில் தொங்கும். ஸ்டெயின்லெஸ் சாதா எஃகைவிட அதிகம் விரியும் வேறு; வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும்.

குளிர்ந்த கார்ப்

சூட்டில் ஸ்டார்ட் ஆகாத விஷயத்துக்கு நான் சொல்கிறேன். இந்த எஞ்சினில் கார்புரேட்டர் எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, கீழிருந்து ஏறும் சூட்டில் ஃப்ளோட் சேம்பரில் (கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணம்) பெட்ரோல் ஆவியாகிறது. நடுவில் வரும் வெப்பத் தகடும், கார்புரேட்டருக்குப் பின்னால் வரும் தடித்த இன்சுலேட்டர் துண்டும் இருக்கின்றனவா?

துணிப்பட்டை எனக்குப் பிடிக்காது. சூட்டைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாதா எஃகு ஹெடராக இருந்தால் உள்ளேயே துருப்பிடித்துப் போகும். வெளியே தெரியவும் தெரியாது. செராமிக் கோட்டிங் கொடுப்பதானால் உள்ளும் புறமும் கொடுங்கள். எப்படியும் கழற்றித்தானே வைத்திருக்கிறீர்கள், இதுதான் நேரம்.

பச்சை ரோட்ஸ்டர்

படிவாஷர் வந்து மாட்டியாயிற்று. குளிர் ஸ்டார்ட்டில் சத்தம் இல்லை. சோப்பு நுரையும் இல்லை. காலை எடுத்தால் வரும் வெடிப்பு முக்கால்வாசி போய்விட்டது, எப்போதாவது ஒரு பட். பிராக்கெட் இருக்கிறது, ஆனால் ரப்பர் நைந்திருந்ததால் மாற்றினேன். வெப்பத் தகடு இருக்கிறது, அதன் மேல் ஒட்டியிருந்த இன்சுலேஷன் பொடிந்து போயிருக்கிறது. புதிதாக ஒட்டப் போகிறேன். கோட்டிங்குக்கு இப்போது கொடுக்கவில்லை.

ஊசி வேலன்

இப்போது என் முறை. எஞ்சின் சூடான பிறகு கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கும் சிறு கம்பியை (லிஃப்டிங் பின்) மெதுவாக மேலே தள்ளி, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்றால் ரிச். உடனே விழுந்தால் லீன். லேசாக ஏறிப் பழையபடி வந்தால் சரியாக இருக்கிறது. லீன் என்றால் ஜெட் நட்டை ஒவ்வொரு பட்டையாக (நட்டின் ஒரு தட்டைப் பக்கம்) திருப்புங்கள், இரண்டு கார்பிலும் ஒரே அளவு. ஐடிலில் சரியாக இருந்து, மேலே இழுக்கும்போது மட்டும் லீன் என்றால்தான் ஊசி. அதற்கு முன் ஊசி வாங்கிவிடாதீர்கள்.

பச்சை ரோட்ஸ்டர்

முன் கார்ப் சரியாக இருக்கிறது, பின் கார்ப் லேசாக லீன். அரைப் பட்டை திருப்பியதும் அதுவும் வழிக்கு வந்தது. ஒரு நீண்ட ஏற்றத்தில் ஓட்டிவிட்டு பிளக் நிறம் பார்த்துப் போடுகிறேன்.